கழுவிய வண்டியில் தெரியாத குறை

சர்வீசுக்கு வரும் வண்டிக்கு நாம் எழுதும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில், வாடிக்கையாளர் கையெழுத்துக்கு மேலே பதினேழாவது கட்டம் ஒன்று இருக்கிறது. 'ஓட்டுநரின் முழுப் பெயர். அவர் சொல்வது, அவர் வார்த்தையிலேயே.' தமிழ்நாட்டுக் கிளைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சர்வீஸ் அட்வைசர்களாகிய நீங்கள் அதைச் சரியாக நிரப்புவதில்லை என்று பயிற்சிப் பிரிவில் வருத்தப்பட்டார்கள். நூறு கார்டுகளின் நகலை எனக்கு அனுப்பியும் வைத்தார்கள். எண்ணினேன். நாற்பத்தொன்றில் கட்டம் காலி. முப்பத்துமூன்றில் ஒழுங்காக நிரப்பியிருக்கிறீர்கள். மீதி இருபத்தாறைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தால் ஒருவேளை நிரப்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு முறையும் மூடித்தான் இருந்தது. பிரேக் வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவனுக்கு அது வியாதியில்லை, பழக்கம்.

நான் வேலை பார்த்த கிளை கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில். வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பிக்கப். துறைமுகச் சரக்கு, காய்கறி, சிமெண்ட், மீன். மற்றவற்றைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. மீன் வண்டி உள்ளே வந்தால்தான் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அதனால் கேட்டில் ஒரு போர்டு வைத்தேன். 'மீன் வண்டிகளை லோடு இறக்கி, கழுவி, காயவைத்த பிறகே கொண்டுவரவும்.' மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. காவலாளி பார்த்து, பதிவேட்டில் 'கழுவியது' என்ற இடத்தில் டிக் போட்ட பிறகுதான் வண்டி உள்ளே வரும். வாடிக்கையாளர் வசதிக்காக என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். ஆனால் என் மூக்கும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் பிஷு அந்தப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவான். என் பெயர் மூர்த்தி, 'தா' என்றால் அங்கே அண்ணா. "மூர்த்திதா, மீன் வாசனை பிடிக்காதவங்களுக்கு இந்த ஊர்ல ரேஷன் கார்டு யார் கொடுத்தது?"

போர்டு ஏழு வருடம் தொங்கியது.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தபோது, ஒரு ஜூன் மாதத்தில், மாலதி மண்டல் என்பவரின் பிக்கப் வந்தது. எல்லோரும் அவரை மாலதி தீதி, அதாவது மாலதி அக்கா என்பார்கள். இரண்டு வண்டிகளின் சொந்தக்காரர். டயமண்ட் ஹார்பர் பக்கம் படகுத்துறையில் கடல் மீனை ஏலத்தில் எடுத்து ஊருக்குள் அனுப்புகிறவர். வண்டியை ஓட்டுபவர் பெயர் ஹாரன். தீதியின் அப்பா காலத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாக அதே வீட்டுக்கு ஓட்டுகிறார். குறையைச் சொன்னது ஹாரன்தான்.

"பிரேக்கை மிதிச்சா நிக்கப் போற மாதிரி வரும் பாபு. கடைசி ரெண்டு முழம் இருக்கும்போது பெடல் காலை உதைக்கும். கடகடன்னு. வண்டி நிக்காம போகும்."

பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் இருக்க, ஏ.பி.எஸ். அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். அப்போது பெடல் உதைக்கும். இது உங்களுக்குத் தெரியும். ஈரச் சாலையில் வேகமாக வந்து மிதித்தால் அப்படி ஆகலாம். நடக்கிற வேகத்தில், காய்ந்த சாலையில் ஆகக் கூடாது. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினோம், ஒரு குறையும் பதிவாகவில்லை. நானே ஓட்டிப் பார்த்தேன். இருபது முறை மிதித்தேன். இருபது முறையும் வண்டி நின்றது. பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தன, மாற்றினோம். 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி சீல் வைத்தேன்.

ஜூலையில் திரும்பி வந்தது. பிரேக் ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்றினோம். இருபது முறை மிதித்தேன், நின்றது. சீல்.

ஆகஸ்டில் மூன்றாம் முறை. இந்தத் தடவை மாலதி தீதியும் கூட வந்தார்.

"மழையில ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றார்.

அன்று நல்ல மழை. முழங்கால் அளவு தண்ணீரில் ஓட்டி, நனைந்த வண்டியை நாற்பது முறை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஈரத்தால் வரும் குறை இல்லை என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவுதான் என்னைக் கெடுத்தது. கையில் ஒன்றும் கிடைக்காதபோது நாம் என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஊகத்தில் முன்சக்கரத்து சென்சார் ஒன்றை மாற்றினேன். கார்டில் இன்னொரு வரியும் சேர்த்தேன். 'ஓட்டுநரின் பிரேக் பழக்கத்தைக் கவனிக்கவும்.' எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

செப்டம்பரில், துர்கா பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மீன் மார்க்கெட் வாசலில் ஹாரனின் வண்டி முன்னால் நின்ற, சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் வேனில் இடித்துவிட்டது. நடக்கிற வேகம்தான். வேன்காரரின் கணுக்கால் சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் சிக்கி எலும்பு முறிந்தது.

இரண்டு நாள் கழித்து மாலதி தீதி வந்தார். வண்டியை வேறு ஒருவர் ஓட்டிவந்தார். ஹாரன் பின்னால் பஸ்ஸில் வந்து, வரவேற்பறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

தீதி நின்றுகொண்டே பேசினார். "மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் சரியாயிடுச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்க. இப்ப ஒருத்தன் கால் போச்சு. எனக்கு ஒரு காகிதம் வேணும். தப்பு வண்டியிலயா, ஹாரன்தா கிட்டயா? வண்டியிலன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன். வண்டி நல்லா இருக்குன்னா, இன்னியிலிருந்து அவர்கிட்ட சாவி கிடையாது. மார்க்கெட்காரங்களும் அதைத்தான் கேக்கறாங்க. ரெண்டுல ஒண்ணு எழுதுங்க."

வண்டியைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம். குறை இல்லை. 'வாகனத்தில் குறை காணப்படவில்லை' என்று தட்டச்சு செய்து வந்த தாளை மேனேஜர் என் மேஜையில் வைத்தார். சீல் மையில் அழுத்தியாகிவிட்டது. ஜன்னல் வழியாக ஹாரன் தெரிந்தார். ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில், விபத்துப் பெயரோடு, பூஜைக்கு முன் யார் வேலை கொடுப்பார்கள்? அது என் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் அவரிடம் கேட்டேன். "ஹாரன்தா, உண்மையைச் சொல்லுங்க. கால் தவறிப்போச்சா?"

அவர் கோபப்படவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார். "வெறும் வண்டி நிக்கும் பாபு. நீங்க எத்தனை தடவை மிதிச்சாலும் நிக்கும். எனக்கும் நின்னிருக்கு. லோடு வண்டி, அதுவும் பேஹாலா வந்து ஊருக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் இந்த வம்பு."

லோடு அதிகம் ஏற்றிவிட்டு பிரேக்கைக் குறை சொல்லும் ஓட்டுநர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில்தான் இதையும் சேர்த்தேன். மேஜைக்குத் திரும்பினேன். சீலை எடுக்கும் முன், தேதிகளைச் சரிபார்க்கக் காவலாளியின் பதிவேட்டை வரவழைத்தேன். எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கு இல்லை. ஜூன்: காலி, கழுவியது, டிக். ஜூலை: காலி, கழுவியது, டிக். ஆகஸ்ட், டிக். இன்று, டிக். நான்கு வருகை, நான்கு டிக்.

அந்த நான்கு டிக்கையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் எண்ணவில்லை. இந்த வண்டி வேலை செய்யும் நிலையில் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாதபடி செய்தது நான் வைத்த போர்டு.

சீலைக் கீழே வைத்தேன். "தீதி, நாளைக்கு ஒரு நாள் கொடுங்க. லோடோட நானும் வர்றேன். வண்டியை ஹாரன்தா ஓட்டணும்."

"ஹாரன்தாவா?"

"அவர் மிதிக்கற மாதிரிதான் மிதிக்கணும்."

தீதி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். "ஒரு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது" என்றார் தீதி.

மறுநாள் முதல் ரயிலில் பிஷுவும் நானும் போனோம். படகுத்துறையில் காலை இரண்டாம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு பெட்டி மீன். அடியிலும் மேலேயும் ஐஸ், குளிர்ச்சி கூட ஐஸில் உப்பு. ஹாரன் ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் மடியில் ஸ்கேனரோடு பிஷு. ஒவ்வொரு பிரேக்குக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

முதல் முக்கால் மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு கோடு. ஐம்பத்திரண்டு முறையும் வண்டி ஒழுங்காக நின்றது. லோடுதான் காரணம் என்றால் இதற்குள் வந்திருக்க வேண்டும். ஹாரனின் கழுத்தில் வியர்வை வடிந்தது. பிஷு என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தான். அந்த மனிதரை இன்னும் ஒரு முறை அவமானப்படுத்தத்தான் கூட்டிவந்தோமோ என்று நினைத்தபடி அடுத்த கோட்டைப் போட்டேன்.

"இன்னும் பேஹாலா வரல பாபு" என்றார் ஹாரன்.

பேஹாலா வந்தது. நெரிசல். எழுபத்தொன்றாவது பிரேக். முன்னால் ஒரு பஸ், நாங்கள் நடக்கிற வேகத்தில் இருந்தோம். ஹாரன் சரியான நேரத்தில்தான் மிதித்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடகடவென்று பெடல் உதைத்தது. அவர் கால் அழுத்தியபடியே இருந்தது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸின் பின்பக்க ஏணி கண்ணாடிக்குள் வந்துவிடும் போலப் பெரிதாகியது. கைபிரேக்கை இழுத்தார். ஏணிக்கும் எங்களுக்கும் ஒரு சாண்.

"பாத்தீங்களா?" என்றார் ஹாரன். "பாத்தீங்கல்ல? நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

பிஷு ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினான். "மூர்த்திதா, மூணு சக்கரம் எட்டு கிலோமீட்டர் வேகம். பின்னாடி இடது சக்கரம் பூஜ்யம்."

ஓரங்கட்டி இறங்கினோம். நான் சாலையில் படுத்து அடியில் பார்த்தேன். பாடி கட்டிய பட்டறைக்காரர் தண்ணீர் வடியப் போட்ட துளையிலிருந்து, கரைந்த ஐஸ் நூல் பிடித்தாற்போல இறங்கிக்கொண்டிருந்தது. லோடு அழுத்திப் பாடி தாழ்ந்ததில், அது நேராக இடது சக்கர சென்சாரின் வயர் இணையும் கனெக்டர் மேல் விழுந்தது. படகுத்துறையிலிருந்து பேஹாலா வர ஒரு மணி நேரம். ஐஸ் கரைந்து ஒழுக ஆரம்பிக்கவும் அதே ஒரு மணி நேரம்.

மழைத் தண்ணீர் ஒன்றும் செய்யாமல் இது ஏன் செய்தது என்றால், இது உப்புத் தண்ணீர். கனெக்டர் உள்ளே ஏற்கெனவே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மெதுவாகப் போகும்போது சென்சாரின் மின்குறி மிகச் சன்னமாக இருக்கும். உப்பு நீர் பட்டதும் அதுவும் ஒழுகிப்போனது. சக்கரம் இறுகிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்தது. பின் பிரேக்கை விட்டுவிட்டது. லோடு முழுக்கப் பின்னால். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தன் கடமையைத்தான் செய்தது. அதனால்தான் விளக்கும் எரியவில்லை, குறையும் பதிவாகவில்லை. பிறகு வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எங்களிடம் கொண்டுவருவார்கள்.

ஊகத்தில் இன்னொரு முறை மாட்டிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. டீக்கடையில் ஒரு பாலிதீன் பை வாங்கி, கனெக்டரைத் துடைத்து, மேலே கட்டினோம். முப்பது பிரேக். நின்றது. பையை அவிழ்த்து ஐந்து நிமிடம் ஒழுகவிட்டோம். மூன்றாவது பிரேக்கிலேயே உதைத்தது. மறுபடி கட்டினோம், நின்றது. அதற்குப் பிறகுதான் எழுந்து சட்டையைத் தட்டினேன். தட்டிப் பயனில்லை. முதுகு முழுக்க மீன் தண்ணீர்.

சட்டை மாற்ற டாலிகஞ்சில் இருந்த வீட்டுக்குப் போனபோது மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். "அங்கயே நில்லுங்க. என்ன, அடுத்த வேலை மார்க்கெட்லயா?"

"ஒரு வண்டி பாத்தேன்."

"வண்டியைப் பாத்தீங்களா, வண்டிக்குள்ள படுத்துட்டு வந்தீங்களா?" என்று வாளியை வெளியே வைத்தாள்.

பட்டறைக்கு வந்ததும் மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதி. "நல்லது. 'சென்சார் மாற்றப்பட்டது, கனெக்டர் இடம் மாற்றப்பட்டது, நல்லெண்ண அடிப்படையில் இலவசம்'னு எழுதிடுங்க. பழசையெல்லாம் கிளற வேண்டாம்."

"அப்படி எழுதினா ஹாரன் அதுல எங்க இருக்கார்?"

"ஹாரன் யாரு?" என்றார் மேனேஜர்.

அவர் கெட்டவர் இல்லை. மூன்று மாதம் வந்துபோன கார்டுகளில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை, அவ்வளவுதான். உரிமையாளர் பெயர் இருந்தது. வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் இருந்தன. குறையைச் சொன்னவர் பெயர் இல்லை. நான் எழுதிய வரியிலும் 'ஓட்டுநர்' என்றுதான் இருந்தது.

கடிதத்தை நானே எழுதினேன். இந்த வண்டியை நான்கு முறையும் வெறும் வண்டியாக, கழுவிக் காய்ந்த பிறகே சோதித்தோம். லோடோடு, உப்பு நீர் ஒழுகும்போது மட்டும் வரும் குறை அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. ஹாரன் சர்தார் முதல் நாளிலிருந்து சொன்னது சரி. அவர் பிரேக் பழக்கம் பற்றி நான் எழுதிய வரி தவறு. பெயர், கையெழுத்து, சீல். "ஓய்வுக்கு இன்னும் அஞ்சு மாசம்தானே, அதுவரை பொறுக்க முடியலையா?" என்றார் மேனேஜர். ஆனால் தடுக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வாரம் என்னோடு டீ குடிக்கவில்லை.

மாலதி தீதி கடிதத்தை இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. "நாலு மாசமா அவர் சொன்னதை நான் நம்பல" என்றார். "உங்க சீலை நம்பினேன்." வேன்காரரின் வைத்தியத்துக்கு எங்கள் கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார். போகும்போது சாவியை ஹாரனிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

ஹாரன் சாவியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "மூர்த்தி பாபு, அடுத்த தடவை வரும்போது கழுவணுமா, வேண்டாமா?"

பிஷு சிரித்துவிட்டான். நான் ஏணி கொண்டுவரச் சொல்லி போர்டைக் கழற்றினேன்.

விஷயம் இங்கே முடிந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் போர்டு இருந்தது ஏழு வருடம். கழற்றிய மறுநாளே பழைய கார்டுகளை எடுத்தேன். மீன் வண்டி, ஏ.பி.எஸ். உள்ளது, பிரேக் புகார், 'குறை காணப்படவில்லை' என்ற நான்கும் சேர்ந்த கார்டுகள் ஒன்பது. ஒன்பது பேருக்கும் போன் செய்தேன். ஏழு பேர் எடுத்தார்கள். ஐந்து வண்டிகள் லோடோடு வந்தன. மூன்றில் கனெக்டருக்குள் அதே பச்சை. ஆறாமவர் வண்டியை விற்றுவிட்டார்.

ஏழாமவர் போனில் சிரித்தார். "பிரேக் பிரச்சினையா? அது அப்பவே தீர்ந்துபோச்சு. அந்த டிரைவரை அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"வண்டியில குறை இல்லைன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? இப்ப வண்டிக்கு வேற வேலை, காய்கறி அடிக்கறோம். ஒரு பிரச்சினையும் இல்லை."

"அவர் பேர் என்ன?"

"கோகான்னு கூப்பிடுவோம்."

"நல்ல பேர்?"

"அது யாருக்குத் தெரியும்?"

கல்கத்தாவில் எல்லோருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பெயர், காகிதத்தில் ஒரு 'நல்ல பெயர்'. கோகா என்றால் பையன் என்று அர்த்தம். தெருவுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். ஓய்வு பெறும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மீன் மார்க்கெட்டுகளில் விசாரித்தேன். ஆறு கோகாக்களைப் பார்த்தேன். ஒருவர் ஐஸ் உடைப்பவர், இரண்டு பேர் மீன் வெட்டுபவர்கள், மூன்று பேர் ஓட்டுநர்கள். மூன்று பேரும் எங்கள் பட்டறைப் பக்கமே வந்ததில்லை. எங்கள் கார்டில் அவர் முழுப் பெயர் இருந்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பேன்.

கடைசி வாரத்தில், கார்டில் ஒரு கட்டம் கூட்டச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கூட்டினார்கள். எல்லாக் கிளைகளுக்கும் வந்தது. அதுதான் அந்தப் பதினேழாவது கட்டம்.

மீதி இருபத்தாறு கார்டுகளில் நீங்கள் அந்த இடத்தில் 'டிரைவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெயர் இல்லை. அடுத்த முறை வண்டி வரும்போது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேளுங்கள்.